குற்றச்சாட்டுக்கு விடையாக எழுதப்பட்ட வரலாறு

1980-ஆம் ஆண்டு என் தந்தை நைஜீரியாவின் ஓயோ நகரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். அதற்கு முந்தைய அக்டோபரில் அந்த மாநிலத்தில் பதவியேற்ற அரசு பள்ளிக் கல்வி முழுவதையும் இலவசமாக்கியிருந்தது. பிள்ளைகள் வகுப்பறைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆட்கள் போதவில்லை. பெட்ரோலிய வருவாய் இருந்த காலம் என்பதால் வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் முடிந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அப்படிப் போனவர்களில் அப்பாவும் ஒருவர். எனக்கு அப்போது எட்டு வயது. 1984-இல் நாங்கள் திரும்பினோம்.

நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரின் தாயாரை அங்கே எல்லோரும் ‘மாமா’ என்றே அழைப்பார்கள்; வயதில் மூத்த பெண்களுக்கு யோருபா மக்கள் வழங்கும் மரியாதைச் சொல் அது. ஒரு கிழவியை மாமா என்று கூப்பிட என் நாக்குக்குச் சில மாதங்கள் பிடித்தன. அவர் விடியற்காலையில் தம் பேரனை எழுப்பும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவன் காலடியில் உட்கார்ந்து, பாட்டும் அல்லாத பேச்சும் அல்லாத ஒரு குரலில் நீண்ட நேரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கு ‘ஓரிக்கி’ என்று பெயர் என்பதும், அது அந்தப் பையனுடைய குடியின் முன்னோர்களைப் பற்றிய அடைமொழித் தொடர்கள் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பற்றிய நூல் ஒன்று இருந்தது. 1965-இல் இபாடான் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர்கள் முன்னின்று பள்ளி ஆசிரியர்களையும் உயர்வகுப்பு மாணவர்களையும் மனத்தில் வைத்துத் தொகுத்த நூல் அது. ஆண்டுகளின் கீழெல்லாம் அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்த நூலிலிருந்து தொடங்கி, அதை எழுதியவர்கள் யார், எந்த நெருக்கடியில் எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆட்சி செய்தவர்கள் கப்பலேறிப் போன பிறகு ஒரு நிலப்பகுதியின் பழமையை எப்படி எழுதுவது என்ற கேள்வியை நைஜீரியர்கள் எதிர்கொண்ட விதம், நான் படித்த எந்த வரலாற்றுத் தத்துவத்தையும் விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

முதலில் குற்றச்சாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1963-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றித் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பான ஒரு சொற்பொழிவில், ஆப்பிரிக்க வரலாறு என்று ஒன்று எதிர்காலத்தில் கற்பிக்கப்படலாம், ஆனால் இப்போதைக்கு அப்படி எதுவும் இல்லை, இருப்பது ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறுதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் இருள் என்ற கருத்தைச் சொன்னார். நைஜீரியா விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கென்னத் ஒன்வுகா டீக்கே என்ற, நைஜீரியாவின் இக்போ இனத்தைச் சேர்ந்த அறிஞர் நைஜர் டெல்ட்டாவின் வணிகத்தையும் அரசியலையும் பற்றி எழுதிய ஆய்வு நூல் வெளிவந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அச்சிட்டதே ஆக்ஸ்ஃபோர்டின் பல்கலைக்கழக அச்சகம்தான். நூல் அந்தப் பேராசிரியரின் ஊரிலேயே கிடைத்தது. அப்படியிருந்தும் அவர் அவ்வாறு பேசினார் என்றால், குறை தரவில் இல்லை. எதை வரலாறு என்று ஒப்புக்கொள்வது என்ற முன்முடிவில்தான் இருந்தது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

டீக்கேக்கு முன்பும் எழுதியவர்கள் உண்டு. நாங்கள் வாழ்ந்த அதே ஓயோ நகரத்தில் ஆங்கிலிக்க திருச்சபையின் போதகராக இருந்த சாமுவேல் ஜான்சன், கற்ற யோருபா மக்கள் இங்கிலாந்தின், ரோமின், கிரேக்கத்தின் வரலாறுகளை அறிந்திருக்கிறார்கள், தங்கள் சொந்த நாட்டின் வரலாற்றை அறியவில்லை என்று வருந்தி, ஓயோ அரசவையின் வரலாறு பாடும் ‘அரோக்கின்’ எனப்படுவோரையும் முதியவர்களையும் கேட்டுக் கேட்டு எழுதிய பெருநூலை 1897-இல் முடித்தார். அதன் கையெழுத்துப் படி இங்கிலாந்திலிருந்த பதிப்பாளருக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்துபோனது. 1901-இல் அவர் இறந்தார். மருத்துவரான அவருடைய தம்பி ஒபதியா ஜான்சன், அண்ணனுடைய குறிப்புகளையும் வரைவுகளையும் வைத்து மறுபடியும் முழு நூலையும் எழுதினார். முதல் உலகப்போரின்போது அனுப்பிய படி சென்ற கப்பலை ஜெர்மானியர்கள் கைப்பற்றி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுபோனார்கள். படி அச்சகத்தைச் சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒருவழியாக 1921-இல் நூல் வெளிவந்தபோது தம்பியும் உயிரோடு இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு இவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது. அந்நூலுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஓயோவை நடுவில் வைத்து மற்ற யோருபா நாடுகளையெல்லாம் அதன் ஓரங்களாகவே அது பார்க்கிறது. ஆனால் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டும் ஒவ்வோர் ஆய்வாளரும் அந்நூலைப் படித்துத்தான் அதைச் சுட்டிக்காட்டுகிறார்.

இனி டீக்கே. 1917-இல் ஆவ்க்காவில் பிறந்த இவர் இலண்டனில் 1950-இல் முனைவர் பட்டம் பெற்று இபாடானுக்கு வந்தார். அங்கே 1948-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி அப்போது இலண்டன் பல்கலைக்கழகத்தின் பிள்ளை. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அங்கிருந்தே வந்தன. டீக்கேயின் ஆய்வு 1830 முதல் 1885 வரையிலான டெல்ட்டாப் பகுதியைப் பற்றியது. பிரித்தானியத் தூதர்கள் தங்கள் அரசுக்கு எழுதிய கோப்புகளே அதற்கு முதன்மைச் சான்று என்றாலும், டெல்ட்டாவின் ஊர்களில் கேட்டறிந்த வாய்மொழிச் செய்திகளையும் அவற்றோடு வைத்து அவர் படித்தார். வாய்மொழி மரபைச் சான்றாக எடுத்துக்கொள்வது அக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் எளிதில் ஒப்பப்படாத செயல்.

அவர் காட்டிய சித்திரம் இதுதான். அடிமை வணிகத்தைப் பிரித்தானியா 1807-இல் தடைசெய்த பிறகு டெல்ட்டாவின் வணிகம் படிப்படியாகப் பாமாயிலுக்கு மாறியது. இங்கிலாந்தின் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அந்த எண்ணெய் தேவைப்பட்டது. ஆனால் வெள்ளை வணிகர்கள் பல பத்தாண்டுகள் வரை கரையைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அவர்கள் தங்கள் கப்பலில் காத்திருக்க வேண்டும்; துறைமுகத்து அரசனுக்குச் சுங்கம் கட்ட வேண்டும்; போனி, கலபாரி போன்ற ஊர்களின் வணிகர்களிடம் சரக்கை முன்கடனாகக் கொடுத்துவிட்டு, அவர்கள் உள்நாட்டுச் சந்தைகளில் எண்ணெய் வாங்கி வரும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அந்த முன்கடனுக்கு ‘டிரஸ்ட்’ என்றே பெயர். உள்ளூர் வணிகம் ‘வீடு’ எனப்பட்ட அமைப்புகளால் நடந்தது. உறவினரும் அடிமைகளும் வேலையாட்களும் சேர்ந்த, போர்ப்படகு ஒன்றை ஆளும் பொருளும் தந்து நிறுத்த வல்ல ஒரு வணிகக் குடும்பமே ஒரு வீடு. அடிமையாக வாங்கப்பட்டவன் தன் திறமையால் அந்த வீட்டுக்குத் தலைவனாகவும் ஆகலாம்.

அப்படி ஆனவர்தான் ஜாஜா. இக்போ நிலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே போனிக்கு விற்கப்பட்டு, அங்கே அன்னா பெப்பிள் வீட்டின் தலைவராக உயர்ந்து, 1869-இல் போட்டி வீடு ஒன்றோடு மூண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு தம் ஆட்களோடு வெளியேறி ஒப்போபோ என்ற புதிய நகரத்தை நிறுவினார். எண்ணெய் வரும் ஆற்று வழிகளை அறிந்து தேர்ந்தெடுத்த இடம் அது. போனியின் வணிகம் சரிந்தது. ஜாஜா இடைத்தரகர்களை விட்டு நேரே லிவர்பூலுக்கு எண்ணெய் அனுப்பத் தொடங்கினார். 1887-இல் பிரித்தானியத் தூதராகப் பொறுப்பிலிருந்த ஹாரி ஜான்ஸ்டன், பேச்சுவார்த்தைக்கு வந்தால் பாதுகாப்பாகத் திரும்பலாம் என்று உறுதிகூறி அவரை அழைத்து, வந்தவரைக் கைதியாக்கினார். அக்ராவில் விசாரணை நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தல் தண்டனை. 1891-இல் ஊர் திரும்பும் வழியில் டெனெரிஃப் தீவில் அவர் இறந்தார். காலனிய ஏடுகளில் தடையற்ற வணிகத்துக்குக் குறுக்கே நின்ற முரடனாக வரும் இந்த மனிதர், டெல்ட்டாவின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தம் வணிகத்தின் ஒவ்வொரு கண்ணியையும் அறிந்த முதலாளியாகவும் அரசராகவும் தெரிகிறார். டீக்கேயின் நூல் செய்த பெரிய காரியம் பார்வையை இப்படிக் கப்பலின் தளத்திலிருந்து ஆற்றின் கரைக்கு மாற்றியதுதான்.

ஆனால் என் மதிப்பில் டீக்கேயின் மிகப்பெரிய பணி அந்த நூல் அன்று. 1950-களின் தொடக்கத்தில் அவர் நைஜீரியாவின் அரசு அலுவலகங்களுக்கெல்லாம் சென்று, அங்கே கிடந்த பழைய ஆவணங்களைப் பார்வையிட்டு, அவற்றைக் காப்பதற்கான அறிக்கை ஒன்றைத் தந்தார். அந்த முயற்சியால் 1954-இல் ஆவண அலுவலகம் உருவானது. பின்னர் அது தேசிய ஆவணக் காப்பகமாகச் சட்டப்படி நிலைபெற்று, இபாடான், எனுகு, கடூனா ஆகிய மூன்று நகரங்களில் செயல்படத் தொடங்கியது. இதெல்லாம் 1960 அக்டோபர் 1-ஆம் நாள் விடுதலைக்கு முன்பே நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆட்சி கைமாறும் நேரம்தான் தாள்களுக்கு மிகவும் ஆபத்தான நேரம். பிரித்தானியர் தங்கள் முன்னாள் காலனிகளிலிருந்து விலகும்போது பல கோப்புகளை எரித்தார்கள். சிலவற்றைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அப்படி எடுத்துச் சென்ற கோப்புகள் ஆயிரக்கணக்கில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் அரை நூற்றாண்டு காலம் மறைந்திருந்தன என்பது, கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கின்போது 2011-இல்தான் வெளியே தெரிந்தது. வரலாற்றாசிரியன் முதலில் செய்ய வேண்டியது விளக்கம் எழுதுவதன்று, தாளைக் கரையான் வாயிலிருந்து மீட்பது என்று டீக்கே புரிந்துகொண்டிருந்தார். தம் கருத்தை நாளை மறுக்கப்போகிறவனுக்கும் சேர்த்து அவர் அந்தக் கூரையைப் போட்டார்.

1955-இல் நைஜீரிய வரலாற்றுக் கழகம் பிறந்தது. இன்றைய நைஜீரியாவின் தெற்கிலிருந்த பழைய பெனின் அரசைப் பற்றியும் யோருபா நாடுகளைப் பற்றியும் தனித்தனி ஆய்வுத் திட்டங்கள் தொடங்கின. யோருபா திட்டத்தைச் சபுரி பியோபாக்கு நடத்தினார். வடக்கே, உஸ்மான் டன் ஃபோதியோ 1804-இல் தொடங்கிய இஸ்லாமியப் புரட்சியில் எழுந்த சொக்கோட்டோ கலீஃபகத்தின் அறிஞர்கள் அரபியில் எழுதிக் குவித்த ஏடுகள் திரட்டப்பட்டன. எழுத்தில்லாத கண்டம் என்ற பேச்சுக்கு அந்த ஏடுகளே போதுமான மறுப்பு. டீக்கேயின் அடுத்த தலைமுறையில் ஜேக்கப் அடே அஜாயி முதன்மையானவர். கிறித்தவ மிஷன்கள் நைஜீரியாவில் ஒரு புதிய கற்றோர் வகுப்பை உருவாக்கிய கதையை அவர் 1965-இல் நூலாக எழுதினார்.

வாய்மொழிச் சான்றை நம்பியவர்களுக்கு ஒரு சங்கடமும் காத்திருந்தது. பெனின் நகரத்தில் ஜேக்கப் எகாரெவ்பா என்பவர் 1930-களிலேயே அரண்மனை முதியவர்களைக் கேட்டுப் பெனின் அரசர்களின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டிருந்தார். அடுத்தடுத்த பதிப்புகளில் ஆண்டுகளையும் செய்திகளையும் திருத்திக்கொண்டும் இருந்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் முதியவர்களிடம் கேட்டபோது, அவர்கள் சொன்ன அரசர் பட்டியலில் எவ்வளவு பகுதி தாத்தா சொன்னது, எவ்வளவு பகுதி எகாரெவ்பாவின் அச்சு நூலிலிருந்து பேச்சுக்குத் திரும்பியது என்று பிரிப்பது கடினமானது. வாயிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து வாய்க்குமாகச் சுற்றும் இந்தச் சுழற்சியைக் கண்டு வாய்மொழி மரபே வேண்டாம் என்று ஒதுங்குவது எளிது. இபாடான்காரர்கள் அப்படி ஒதுங்கவில்லை. ஒரே நிகழ்ச்சியை வென்ற ஊரிலும் தோற்ற ஊரிலும் கேட்டார்கள். அரண்மனையில் கேட்டதைப் படைவீரர் குடிகளில் கேட்டதோடு உரசிப் பார்த்தார்கள். தொல்லியலையும் மொழியியலையும் துணைக்கு அழைத்தார்கள். கல்வெட்டையும் மெய்க்கீர்த்தியையும் வைத்து வரலாறு படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இருக்கத் தேவையில்லை. கல்லில் வெட்டியதாலேயே புகழ்மொழி உண்மையாகிவிடுவதில்லை. அதையும் உரசித்தான் பார்க்கிறோம்.

இனி எனக்கு உறுத்தலாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன். உனக்கு வரலாறு இல்லை என்று ஒருவன் சொல்லும்போது, அவன் வரலாறு என்று எதைக் கருதுகிறான் என்பதும் அந்த வசையிலேயே அடங்கியிருக்கிறது. அரசன், அரசு, படை, தூதரகம், எல்லை, சட்டம் ஆகியவையே அவனுக்கு வரலாறு. விடை சொல்பவன், எங்களுக்கும் அரசர்கள் இருந்தார்கள், எங்களுக்கும் பேரரசு இருந்தது என்று எழுதத் தொடங்கும்போது, குற்றம் சாட்டியவனின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்கிறான். இபாடானின் தொடக்ககால நூல்களைப் பார்த்தால் பெரும்பாலும் அரசுகளும் அரசர்களும் வணிகத் தலைவர்களும் போதகர்களும் கற்றோருமே வருகிறார்கள். உழுதவர்களும் எண்ணெய் பிழிந்தவர்களும் சந்தையில் விற்றவர்களும் பின்னணியில் நிற்கிறார்கள். இதற்காக அவர்களை நான் குறைகூற மாட்டேன். புதிதாகக் கொடியேற்றிய நாட்டில், அவமானத்துக்கு விடை சொல்ல வேண்டிய தலைமுறை அது. ஆனாலும் அந்த அளவுகோலுக்குள் அடங்காத மக்கள் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழ்ந்த இக்போ மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அரசர் இல்லை. ஊர்க்கூட்டம், வயதுக் குழுக்கள், பட்டம் பெற்ற பெரியவர்கள், மணமாகி வந்த பெண்களின் அவை, அந்த ஊரில் பிறந்த பெண்களின் அவை என்று அதிகாரம் பல இடங்களில் பரவிக் கிடந்தது. 1938-இல் இக்போ-உக்வு என்ற ஊரில் ஒருவர் தம் வீட்டு வளாகத்தில் நீர்த்தொட்டிக்காகக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. தர்ஸ்டன் ஷா 1959-இல் தொடங்கி அங்கே நடத்திய அகழாய்வில் மிக நுண்ணிய வார்ப்புகளும், இலட்சத்துக்கும் மேற்பட்ட பாசிமணிகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலம் ஏறக்குறைய 9-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. பேரரசு இல்லாத நிலத்தில் இவ்வளவு கலையும் இவ்வளவு தொலைதூர வணிகமும் எப்படி என்பது அரசர் பட்டியலை வைத்து விளக்க முடியாத கேள்வி.

அந்த மக்களை ஆள வந்த பிரித்தானியருக்கும் தலைவர் யார் என்று தெரியவில்லை. எனவே சிலரைப் பிடித்து, ஒரு தாளைக் கொடுத்து, நீயே தலைவன் என்றார்கள். அந்தத் தாளின் பெயராலேயே அவர்கள் ‘வாரண்ட் தலைவர்கள்’ எனப்பட்டனர். இபாடானில் பயின்ற அடியேலே அஃபிக்போ 1972-இல் வெளியிட்ட ஆய்வு இவர்களைப் பற்றியது. உள்ளூர் வழக்கப்படியே மறைமுகமாக ஆள்கிறோம் என்று காலனிய அரசு பெருமையாகச் சொல்லிக்கொண்ட முறை, இக்போ நிலத்தில் வழக்கத்திலேயே இல்லாத ஒன்றை வழக்கம் என்று பெயரிட்டு நட்டது என்பதை அஃபிக்போ கோப்பு கோப்பாகக் காட்டினார். எனக்கு இபாடான் மரபின் மிகச் சிறந்த நூலாகப் படுவது இதுதான். தம் மக்களுக்கும் மன்னர்கள் இருந்தார்கள் என்று நிறுவ முயலாமல், இல்லாத மன்னர்களை உண்டாக்கியதன் விளைவை அது எழுதுகிறது.

அந்த விளைவு 1929-இல் வெடித்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆண்களைக் கணக்கெடுத்தார்கள்; கணக்கெடுப்பைத் தொடர்ந்து 1928-இல் அவர்கள்மேல் வரி வந்தது. பாமாயில் விலையோ வீழ்ந்துகொண்டிருந்தது. 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் வாரண்ட் தலைவர் அனுப்பிய ஆள் ஒருவன், எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த ந்வான்யேருவா என்ற பெண்ணிடம் சென்று, ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல் என்றான். கைம்பெண்ணான உன் தாயை யாராவது எண்ணினார்களா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அடுத்த சில வாரங்களில் பல்லாயிரம் பெண்கள் திரண்டு வாரண்ட் தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து ஆடிப் பாடி அவர்களின் தொப்பிகளைப் பறித்தார்கள், வழக்குமன்றங்களைத் தாக்கினார்கள். காவலரும் படையினரும் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். அரசு இதற்கு அபா கலவரம் என்று பெயரிட்டது. அந்தப் பெண்கள் தங்கள் மொழியில் அதைப் பெண்களின் போர் என்றார்கள். கலவரம் என்றால் அடக்க வேண்டிய ஒன்று. போர் என்றால் காரணமும் தலைமையும் கோரிக்கையும் உடைய ஒன்று. அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் பெண்கள் பலர் சொன்ன வாக்குமூலங்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டவர்களின் தாளிலேயே ஆளப்பட்டவர்களின் குரல் இருந்தும், அதைத் தேடிப் படிக்கும் ஆய்வுகள் பெருகப் பல பத்தாண்டுகள் ஆயின.

அஃபிக்போ காட்டியதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அஜாயியின் புகழ்பெற்ற கருத்தையும் நான் எடைபோடுகிறேன். ஆப்பிரிக்காவின் நீண்ட வரலாற்றில் காலனிய ஆட்சி ஓர் இடை நிகழ்ச்சியே, அதற்கு முன்பிருந்தவை பலவும் அதன் ஊடாகவும் அதன் பின்னும் தொடர்ந்தன என்று அவர் 1960-களின் இறுதியில் வாதிட்டார். நைஜீரியாவின் பெரும்பகுதியில் அந்த ஆட்சி ஒரு மனித ஆயுள் அளவே நீடித்தது. 1897-இல் பெனின் நகரம் எரிக்கப்பட்டதைச் சிறுவனாகப் பார்த்த ஒருவர் 1960-இல் கொடி இறங்கியதையும் பார்த்திருக்க முடியும். அஜாயியின் சொல்லில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது, அந்த ஆறுதல் தேவையாகவும் இருந்தது. ஆனால் 1980-இல் அதே இபாடானில் பேராசிரியர் பொறுப்பேற்று ஆற்றிய உரையில் பீட்டர் எக்கே இதை மறுத்தார். கால அளவை வைத்து மட்டும் ஒரு மாற்றத்தை அளக்க முடியாது, காலனியம் சமூக உறவுகளின் அமைப்பையே மாற்றிய ஒரு யுகம் என்பது அவர் வாதம். நான் எக்கேயின் பக்கமே சாய்கிறேன். இன்று ஓர் இக்போ ஊரில் பாரம்பரிய அரசர் என்று ஒருவர் முடிசூடி உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தப் பாரம்பரியத்தில் எவ்வளவு பங்கு காலனிய அலுவலகத்தின் தாளுக்கு உரியது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். தொடர்ச்சி என்று நாம் மகிழ்கிற ஒன்றுக்குள்ளேயே முறிவு ஒளிந்திருக்கக்கூடும்.

நைஜீரியா என்ற சட்டகமும் அப்படிப்பட்டதே. 1914-இல் பிரித்தானிய ஆளுநர் லூகார்டு வடக்கையும் தெற்கையும் இணைத்துக் கோடு போட்ட நாடு அது. நூற்றுக்கணக்கான மொழிகள் பேசும் மக்களுக்குப் பொதுவான ஒரு பழமையை எழுத வேண்டிய பொறுப்பு வரலாற்றாசிரியர்களின் தோளில் ஏறியது. ஆறுகளும் வணிக வழிகளும் இந்த மக்களை முன்பே பிணைத்திருந்தன என்று அவர்கள் எழுதினார்கள், அது பொய்யன்று. ஆனால் 1966-இல் வடக்கில் இக்போ மக்கள் கொல்லப்பட்டனர். இபாடானின் முதல் நைஜீரியத் துணைவேந்தராக இருந்த டீக்கே அந்த ஆண்டில் பதவியை விட்டுக் கிழக்கே போனார். 1967 முதல் 1970 வரை நடந்த போரில் கிழக்குப் பகுதி தனிநாடாகப் பிரிந்து சூட்டிக்கொண்ட பெயரான பியாஃப்ராவின் தூதராக உலகெங்கும் அலைந்தார். தேசத்தின் ஆவணங்களுக்குக் கூரை போட்டவரே அந்தத் தேசத்திலிருந்து பிரிந்த பக்கத்தில் நின்ற துயரத்தை நான் எந்தக் கட்சியிலிருந்தும் பார்க்க விரும்பவில்லை. போருக்குப் பின் அமெரிக்காவில் கற்பித்துவிட்டு நாடு திரும்பி 1983-இல் எனுகுவில் அவர் இறந்தபோது நாங்கள் ஓயோவில்தான் இருந்தோம். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

வடக்கே சாரியாவில் யூசுஃபு பாலா உஸ்மானும் அவரைச் சார்ந்தவர்களும் வேறு கேள்விகளை எழுப்பினார்கள். ஹவுசா, யோருபா, இக்போ என்ற பிரிவுகளை என்றும் இருந்தவை போல எடுத்துக்கொண்டு எழுதுவது ஏன், அரசு எழுந்தபோது யார் உழைத்தார்கள், யார் உண்டார்கள் என்று அவர்கள் மார்க்சிய நோக்கில் கேட்டது அவசியமான கேள்விதான். 1980-களின் நடுவில் பொருளாதாரம் சரிந்தது. நூலகங்களுக்குப் புதிய நூல்கள் வருவது நின்றது. ஆசிரியர்கள் வெளிநாடு போனார்கள். பின்னர் பள்ளிகளின் அடிப்படைக் கல்வியிலிருந்து வரலாறு என்ற பாடமே சில ஆண்டுகள் நீக்கப்பட்டிருந்தது. ஒரு தலைமுறை அதைப் படிக்காமலேயே வளர்ந்த பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டது. பள்ளி ஆசிரியர்களுக்காக 1965-இல் ஒரு நூலைத் தொகுத்தவர்களின் நாட்டில் இது நடந்தது என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

இவர்களிடையே நான் தனியே எண்ணிப் பார்ப்பவர் போலான்லே ஆவே. ஓரிக்கிகளை வரலாற்றுச் சான்றாக எப்படிப் படிப்பது என்று 1970-களிலேயே எழுதியவர். யோருபா அரசியலில் பெண்களின் தலைவியான ‘இயாலோடே’ என்ற பதவியையும் ஆராய்ந்தவர். 19-ஆம் நூற்றாண்டு இபாடானில் அந்தப் பதவியை வகித்தவர் எஃபுன்செத்தான் அனிவுரா. பெரும் வணிகர், படைத்தலைவர்களுக்கு ஆயுதமும் கடனும் கொடுத்தவர், அவர்களின் ஓயாத போர்களுக்குப் பணம் தர ஒரு கட்டத்தில் மறுத்தவர். 1874-இல் இபாடானின் தலைவர் லத்தோசா அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். சில வாரங்களில் அவர் தம் வீட்டிலேயே, தம் அடிமைகளின் கையாலேயே கொல்லப்பட்டார். ஆண்களின் அதிகாரத்தை எதிர்த்ததால் அழிக்கப்பட்ட பெண் என்று இவரை எழுதலாம்; அது உண்மை. தம் ஒரே மகள் பேறுகாலத்தில் இறந்த பிறகு, கருவுற்ற அடிமைப் பெண்களை அவர் கொல்வித்தார் என்ற மரபும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அடிமைகளின் உழைப்பில் எழுந்ததே அவர் செல்வம் என்பதும் உண்மை. கேட்டுக்கொண்டிருப்பவர் ட்ரெவர்-ரோப்பர் என்றால் இந்த இரண்டாம் பகுதியை எழுதக் கை கூசும். அவர் கேட்கவில்லை, இபாடானின் பெண்களும் அந்த அடிமைகளின் வழிவந்தவர்களுமே கேட்கிறார்கள் என்னும்போது இரண்டையும் எழுதலாம்.

ஓரிக்கி அப்படித்தான் செய்கிறது என்பதை நான் படித்து அறிந்தபோது மாமாவின் குரல் நினைவுக்கு வந்தது. நம் மெய்க்கீர்த்தியில் அரசன் தோற்ற போர் இருப்பதில்லை. ஆனால் ஒரு குடியின் ஓரிக்கியில் முன்னோன் ஒருவன் வென்ற போரும் இருக்கும், மற்றொருவன் பட்ட கடனும் இருக்கும், குடும்பம் மறந்துவிட விரும்பும் ஒரு சண்டையும் இருக்கும். அந்த வரிகளும் பிள்ளைக்கு உரியவையே. ஓயோவின் புழுதி மணக்கும் விடியலில் பேரன் பாயில் புரண்டுகொண்டிருப்பான். மாமா ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது, அடுப்பங்கரையிலிருந்து அவருடைய மருமகள் ஏதோ சொல்லித் தடுப்பார். என்ன சொன்னார் என்று எனக்கு அப்போது புரிந்ததில்லை. மாமா நிறுத்தமாட்டார். குரலைக் கொஞ்சம் உயர்த்தி அந்த வரியை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.